ரியோ பியெத்ராஸ்: தலைநகரம் விழுங்கிய கம்பஸ் ஊர்

புவேர்ட்டோ ரிக்கோவின் பாட்டுகள் எங்கள் போன்களில் கனக்க இருக்கு. ஆனால் அந்தத் தீவின் ஊர்ப் பெயர் ஒன்றைச் சொல்லச் சொன்னால், தலைநகரம் சான் ஹுவானைத் தாண்டி எங்களில் கனபேர் போகமாட்டோம். இந்தக் கட்டுரை அந்தச் சான் ஹுவானுக்குள்ளே கரைந்துபோன இன்னொரு ஊரைப் பற்றியது. பெயர் ரியோ பியெத்ராஸ். ஸ்பானிய மொழியில் ‘ரியோ’ என்றால் ஆறு, ‘பியெத்ராஸ்’ என்றால் கற்கள்.

இந்த ஊரைத் தேடிப் போனால் ஒரு விசித்திரம் தெரியும். ரயில் நிலையத்தில் இந்தப் பெயர் இருக்கு. சந்தைக்கும் இந்தப் பெயர்தான். தீவின் மிகப் பெரிய பல்கலைக்கழக வளாகம் தன்னை ‘ரியோ பியெத்ராஸ் வளாகம்’ என்றே அழைக்கிறது. ஆனால் இந்தப் பெயரில் ஒரு நகரசபை இல்லை, மேயர் இல்லை. 1951இல் இரண்டும் இல்லாமல் போய்விட்டன. பெயர் உயிரோடு இருக்க, ஊரை ஆளும் உரிமை மட்டும் போயிருக்கிறது. அது எப்படி நடந்தது, அதனால் என்ன ஆனது என்பதைத்தான் நாங்கள் இங்கே பேசப் போகிறோம்.

ஆற்றங்கரையில் ஒரு ஊர்

சான் ஹுவான் ஸ்பானியர்கள் கட்டிய கோட்டை நகரம். மதிலுக்குள்ளே, கடலால் சூழப்பட்ட ஒரு சின்னத் தீவுத் துண்டில் இருந்தது. ரியோ பியெத்ராஸ் அங்கிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் உள்ளே, ஆற்றங்கரையில் 1714இல் உருவான தனி ஊர். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். ஸ்பானிய ஆளுநர்கள் ஓய்வெடுக்க இங்கே ஒரு வீடு வைத்திருந்தார்கள். ஊரின் நடுச் சதுக்கத்துக்கு இன்றைக்கும் ‘கொன்வலெசென்சியா’ என்றுதான் பெயர். நோயிலிருந்து தேறுதல் என்று அர்த்தம்.

தலைநகரத்திலிருந்து தீவின் தெற்குக் கரையில் உள்ள பொன்ஸே நகரத்துக்குப் போகும் பெரிய றோட்டு இந்த ஊரூடாகத்தான் போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சான் ஹுவானையும் ரியோ பியெத்ராஸையும் இணைக்க நீராவி ட்ராம் வந்தது, பிறகு மின்சார ட்ராம். அப்போது எல்லாருக்கும் அது வசதியாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு நகரம் இன்னொரு ஊரை நோக்கி வளருவது இப்படியான பாதைகள் வழியாகத்தான்.

இந்த ஊருக்கு முன்பே அப்படி ஒன்று கரைந்தும் இருந்தது. கோட்டை நகரத்துக்கும் ரியோ பியெத்ராஸுக்கும் நடுவே கங்ரெஹோஸ் என்ற ஊர் இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களும் அவர்களுடைய வழிவந்தவர்களும் வாழ்ந்த ஊர். 1862இல் அதன் தனி ஊர்த் தகுதியை எடுத்துவிட்டு, நிலத்தைப் பக்கத்து ஊர்களுக்குப் பங்கு பிரித்துவிட்டார்கள். அந்தப் பங்கில் ஒரு துண்டு ரியோ பியெத்ராஸுக்கும் கிடைத்தது. பங்கு வாங்கிய ஊரே பிறகு பங்காகிப் போனது.

பல்கலைக்கழகம் வருகிறது

1898இல் அமெரிக்கா ஸ்பெயினிடமிருந்து புவேர்ட்டோ ரிக்கோவைக் கைப்பற்றியது. புது ஆட்சிக்கு ஆங்கிலத்தில் படிப்பிக்கக்கூடிய ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். தீவுச் சனம் முழுக்க ஸ்பானிய மொழி பேசுவது. பள்ளிக்கூடங்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவது புது ஆட்சியின் திட்டம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று தீவின் கிழக்கில் தொடங்கி, ரியோ பியெத்ராஸுக்கு மாறியது. அதிலிருந்து 1903இல் பிறந்ததுதான் புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகம். அரச பாடசாலைகளில் ஸ்பானிய மொழி முழுமையாகத் திரும்பி வர 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, இந்தப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே இரண்டு முகத்தோடு வந்தது. ஒரு பக்கம் வெளியாட்சி தன் மொழியைப் பரப்பக் கட்டிய கருவி. மறுபக்கம், ஏழைத் தீவொன்றின் பிள்ளைகள் படிக்கக் கிடைத்த ஒரே பெரிய வாசல். இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் நடந்த சண்டைகளில் கனக்க இந்த இரண்டு முகத்துக்கும் இடையில் நடந்த சண்டைகள்தான்.

இன்றைக்கு வளாகத்தின் அடையாளமாக இருக்கும் உயர்ந்த கோபுரம் 1930களின் கடைசியில் எழுந்தது. பெயர் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுடையது. தோற்றம் பழைய ஸ்பானியக் கட்டடக்கலை. மாணவர்கள் வெறும் ‘லா தோர்ரே’ என்பார்கள். ‘கோபுரம்’ என்று அர்த்தம். ஜனாதிபதியின் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

நான்கு சாவும் ஒரு கொடியும்

கோபுரம் எழுவதற்கு முன்பே வளாகத்தின் பக்கத்துத் தெருவில் இரத்தம் சிந்திவிட்டது. புவேர்ட்டோ ரிக்கோவின் விடுதலையைக் கேட்ட தேசியவாதக் கட்சியின் தலைவர் பெத்ரோ அல்பிசு கம்போஸ், 1935 ஒக்டோபரில் பல்கலைக்கழகத்தைக் கடுமையாகச் சாடிப் பேசியிருந்தார். அதில் கோபப்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினர் அவரைக் கண்டித்துத் தீர்மானம் எடுக்க ஒக்டோபர் 24ஆம் திகதி கூட்டம் கூட்டினார்கள். அன்றைக்கு வளாகத்துக்குப் பக்கத்தில் பொலிஸார் தேசியவாதிகளின் கார் ஒன்றை மறித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு தேசியவாதிகள் செத்துப்போனார்கள். வரலாறு இதை ‘ரியோ பியெத்ராஸ் படுகொலை’ என்று சொல்கிறது.

நான்கு மாதத்தில், 1936 பெப்ரவரியில், தீவின் பொலிஸ் தலைவராக இருந்த அமெரிக்கர் ரிக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட இரண்டு இளைஞர்களும் பிடிபட்ட பிறகு பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அல்பிசு சிறைக்குப் போனார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேணும். அன்றைய மாணவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. அல்பிசுவைக் கண்டிக்கக் கூடியவர்களும் மாணவர்கள்தான். போராட்ட வரலாறு எழுதும்போது நாங்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறோம். உண்மையான வளாகம் அப்படி இருப்பதில்லை.

அல்பிசு பத்து வருடம் கழித்து, 1947 டிசெம்பரில் தீவுக்குத் திரும்பினார். அன்றைக்கு மாணவர்கள் சிலர் வளாகத்தில் புவேர்ட்டோ ரிக்கோவின் கொடியை ஏற்றினார்கள். அதற்காக வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர், பிறகு விடுதலை இயக்கத்தின் பெரிய தலைவர்களில் ஒருவரான ஹுவான் மரி பிராஸ். 1948இல் அல்பிசுவை வளாகத்தில் பேச விடச் சொல்லி மாணவர்கள் கேட்டார்கள். நிர்வாகம் முடியாது என்றது. வகுப்புகள் நின்றன, வளாகம் மூடப்பட்டது. அதே வருடம் ஜூனில், அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று எழுதுவதையும் பேசுவதையும் குற்றமாக்கிய ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’ வந்தது. 1957 வரை அது நடைமுறையில் இருந்தது. பகிடி என்னவென்றால், மாணவர்கள் ஏற்றிய அதே கொடியை 1952இல் அரசே தன் அதிகாரபூர்வக் கொடியாக எடுத்துக்கொண்டது.

‘முடியாது’ என்று சொன்ன நிர்வாகத்தின் தலைவர் ஹைமே பெனீதெஸ். அவரை வெறும் வில்லனாகப் பார்த்துவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. 1942இலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் பல்கலைக்கழகத்தை நடத்தியவர் அவர். ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்துக்குத் தப்பி வந்த எழுத்தாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் ரியோ பியெத்ராஸில் இடம் கொடுத்தார். கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமெனெஸ் அவர்களில் ஒருவர். 1956 ஒக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது கவிஞரின் மனைவி செனோபியா மரணப் படுக்கையில் இருந்தார். அறிவித்து மூன்றாம் நாள் இறந்துபோனார். ஹிமெனெஸ் ஸ்டொக்ஹோமுக்குப் போகவில்லை. அவருக்குப் பதிலாகப் போய்ப் பரிசை வாங்கியவர் பெனீதெஸ்தான்.

வேறொரு நாட்டிலிருந்து துரத்தப்பட்ட கவிஞருக்கு வாசலைத் திறந்த அதே கை, தன் ஊரின் கலகக்காரருக்கு வாசலைப் பூட்டியது. பல்கலைக்கழகம் அரசியலுக்கு மேலே நிற்கும் கல்வி வீடாக இருக்க வேண்டும் என்பது பெனீதெஸின் கொள்கை. எது ‘அரசியல்’, எது ‘கல்வி’ என்று பிரிக்கும் அதிகாரம் யாரிடம் என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் கொள்கையில் பதில் இருக்கவில்லை.

1951: ஊர் எங்க போச்சு?

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவேதான் 1951இல் ரியோ பியெத்ராஸ் என்ற நகரசபை சான் ஹுவானோடு இணைக்கப்பட்டது. கொடி ஏற்றியதைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கு. வாய்ப்பூட்டுச் சட்டத்தைப் பற்றியும் இருக்கு. ஒரு ஊரின் சபை மூடப்பட்டதைப் பற்றிப் பேச்சுக் குறைவு. எல்லை மாற்றம் என்பது கந்தோர் வேலை மாதிரித்தான் எல்லாருக்கும் படும்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தீவு வேகமாகத் தொழிற்சாலைகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. கரும்புத் தோட்டத்தை விட்ட சனம் தலைநகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சான் ஹுவானின் பழைய நிலம் அவ்வளவு பேருக்கும் போதாது. தெற்கே ரியோ பியெத்ராஸில் நிலம் இருந்தது. இன்றைய சான் ஹுவான் மாநகரத்தின் வரைபடத்தைப் பார்த்தால், அதன் தெற்குப் பக்கம் பெரும் பங்கு பழைய ரியோ பியெத்ராஸின் கிராமங்கள்தான். பரப்பளவில் பார்த்தால் விழுங்கினவரை விட விழுங்கப்பட்டவர் பெரியவர்.

அப்போது சான் ஹுவானின் மேயர் பெலீசா ரிங்கோன். 1946 முதல் 1969 வரை இருந்தவர், சனத்துக்குப் பிடித்தவர். நகரமண்டபத்தில் சாதாரண ஆட்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கி வைத்திருந்தவர். அதனால் இதைக் கெட்ட மேயர் ஒருவரின் கதையாகச் சொல்ல முடியாது. பிரச்சினை ஆளில் இல்லை, தூரத்தில் இருந்தது. தன் தெருவில் வடிகால் அடைத்தால் முன்பு ஊர்ச் சதுக்கத்துக்கு நடந்துபோய்க் கேட்கலாம். 1951க்குப் பிறகு தலைநகரத்துக்குப் போக வேண்டும். அங்கே பட்ஜெட் பிரிக்கும்போது துறைமுகம், கோட்டை, கடற்கரை ஹோட்டல்கள் எல்லாவற்றோடும் இந்த ஊரும் வரிசையில் நிற்க வேண்டும். தனக்கென்று வாதாட ஒரு சபை இல்லாத ஊர் அந்த வரிசையில் எத்தனையாவதாக நிற்கும்?

மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும்

சபை போனாலும் ஊர் உடனே சாகவில்லை. சந்தை இருந்தது. ‘பஸேயோ தெ தியேகோ’ என்ற கடைத்தெரு இருந்தது. பொன்ஸே தெ லியோன் அவெனியூவில் புத்தகக் கடைகள் இருந்தன. சாந்தா ரீத்தா குடியிருப்பில் மாணவர்கள் போடிங் எடுத்துத் தங்கினார்கள். பிறகு டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த சனம் இங்கே கடை போட்டது, குடும்பமாக வாழ்ந்தது. ஒரு பல்கலைக்கழகம் உண்மையில் நடப்பது லெக்சர் ஹோலில் மட்டும் இல்லை. இப்படியான தெருக்களிலும்தான்.

1970 மார்ச் 4ஆம் திகதி அது கொடூரமாகத் தெரிந்தது. வியட்நாம் போர்க் காலம். புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட முடியாது. ஆனால் அந்த ஜனாதிபதியின் போருக்குக் கட்டாயமாகப் போக வேண்டும். வளாகத்துக்குள்ளே அமெரிக்க இராணுவம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றச் சொல்லிப் போராட்டம். பொலிஸார் தெருவில் மாணவர்களை அடித்தார்கள். தங்கியிருந்த வீட்டின் பல்கனியில் நின்று அதைப் பார்த்த மாணவி அன்ரோனியா மார்த்தீனெஸ் பொலிஸ் சூட்டில் இறந்தார். வளாகத்துக்கு வெளியே, ஊரின் தெருவில். அடுத்த வருடம் மார்ச்சில் நடந்த மோதலில் இரண்டு பொலிஸாரும் இராணுவப் பயிற்சி மாணவர் ஒருவரும் செத்துப்போனார்கள். அன்ரோனியாவின் முகம் இன்றைக்கும் ரியோ பியெத்ராஸில் சுவரோவியமாக நினைக்கப்படுகிறது.

இதற்கிடையில் 1968இல் பக்கத்திலேயே, ஹாத்தோ ரேயில், ‘பிளாசா லாஸ் அமெரிக்காஸ்’ என்ற பிரமாண்டமான மோல் திறந்தது. கார் வைத்திருந்த சனம் அங்கே போனது. கடைத்தெரு மெலியத் தொடங்கியது. 1996 நவம்பர் 21ஆம் திகதி அந்தக் கடைத்தெருப் பகுதியில் ஒரு சப்பாத்துக் கடைக் கட்டடம் எரிவாயுக் கசிவில் வெடித்தது. 33 பேர் செத்தார்கள். வாயு வாடை வருகிறது என்று வெடிப்புக்கு முன்பே முறைப்பாடு போயிருந்தது. முறைப்பாட்டைக் கேட்க ஆள் இருந்தும் யாரும் உரிய மாதிரிக் கேட்கவில்லை. 1951இல் ஊர் எதை இழந்தது என்பதை இந்த ஒரு சம்பவத்தின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனால் சனத்தின் முறைப்பாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி இதிலும் இருக்கு.

அதற்கு முதல் வருடமே, 1995இல், ரியோ பியெத்ராஸின் புனரமைப்புக்கென்று தீவின் அரசு ஒரு தனிச் சட்டம் போட்டிருந்தது. தனக்கென்று சபை இருந்த ஊரை 1951இல் கலைத்துவிட்டு, 44 வருடம் கழித்து அதே ஊருக்காகத் தனிச் சட்டம்! நகர ரயில் கட்டக் கடைத்தெருப் பக்கம் வருடக்கணக்காகத் தோண்டினார்கள். 2004இன் கடைசியில் ரயில் ஓடத் தொடங்கியது. நிலத்துக்குக் கீழே இரண்டு நிலையங்கள்: ஒன்று ‘பல்கலைக்கழகம்’, மற்றது ‘ரியோ பியெத்ராஸ்’. வளாகத்துக்குப் போகிறவர் ஊருக்குள் கால் வைக்காமலே போய்வரலாம்.

ஒரே கேள்வி, மூன்று அளவில்

புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது ஒரு சொல்: தன்னாட்சி. பல்கலைக்கழகத்தை அதன் மாணவர்களும் ஆசிரியர்களும் நடத்த வேண்டும், பொலிஸ் உள்ளே வரக்கூடாது. 1981இல் கட்டண உயர்வுக்கு எதிராக நடந்த பெரிய பகிஷ்கரிப்புக்குப் பிறகு, பொலிஸை உள்ளே விடுவதில்லை என்ற வழக்கம் உருவானது. 2010 ஏப்ரலில் மாணவர்கள் கேற்றுகளைப் பூட்டி ஏறக்குறைய இரண்டு மாதம் உள்ளே முகாமிட்டார்கள். அதே வருடம் டிசெம்பரில் 800 டொலர் மேலதிகக் கட்டணத்துக்கு எதிராகத் திரும்பவும் போராடியபோது, பொலிஸ் வளாகத்துக்குள் புகுந்தது.

2017இல் பிரச்சினை இன்னும் மேலே போனது. தீவு 70 பில்லியன் டொலருக்கு மேல் கடனில் இருந்தது. தீவின் பணத்தைக் கட்டுப்படுத்த 2016இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு மேற்பார்வைச் சபையை உருவாக்கியிருந்தது. அதில் இருந்தவர்களைத் தீவுச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யவில்லை. பல்கலைக்கழகத்தின் பணத்தில் 450 மில்லியன் டொலர் வெட்டு என்ற பேச்சு வந்ததும் கேற்றுகள் திரும்பவும் மூடப்பட்டன, இரண்டு மாதத்துக்கு மேல். செப்டெம்பரில் மரியா சூறாவளி. கட்டணங்கள் பிறகு ஏறத்தான் செய்தன.

இப்ப மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீவின் கணக்கை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் கணக்கைத் தீவின் அரசு தீர்மானிக்கிறது. ரியோ பியெத்ராஸின் கணக்கைத் தலைநகரம் தீர்மானிக்கிறது. முதல் இரண்டுக்கும் எதிராகக் கோஷம் எழுந்தது, ஆட்கள் செத்தார்கள், நினைவு நாள் இருக்கு. மூன்றாவது மட்டும் ஒரு ‘நிர்வாக மாற்றமாக’ மறந்துபோனது. எங்களுக்கு இது மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. கம்பஸ் மதிலுக்குள்ளே தன்னாட்சி கேட்கிறவர்கள், தினமும் சாப்பாடு வாங்கும் தெருவுக்கும் அதே உரிமை வேணும் என்று கேட்டார்களா?

சிலர் கேட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் ஊரோடு சேர்ந்து வேலைசெய்ய ஒரு நிலையத்தைத் தொடங்கியது. கபெத்தியோ என்ற ஏழைக் குடியிருப்பில், கைவிடப்பட்டுக் குப்பை சேர்ந்த காணிகளை அயலவர்களும் மாணவர்களும் சேர்ந்து தோட்டமாக்கினார்கள். இவை சின்ன வேலைகள்தான். நகரசபை ஒன்றுக்கு ஈடாகாது. ஆனால் இவற்றில் மாணவர் ஒருவர் தன் ஊரின் ஆளாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு நிற்கிறார், நாலு வருடத்தில் பட்டத்தோடு போய்விடும் விருந்தாளியாக நிற்கவில்லை.

ரியோ பியெத்ராஸ் தன் சபையைத் திரும்பப் பெறுமா என்பது அந்த ஊர்ச் சனம் தீர்மானிக்க வேண்டியது. பெயரை மட்டும் அவர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. 70 வருடத்துக்கு மேலாகியும் அங்கே இருப்பவர்கள் ‘சான் ஹுவானுக்குப் போறம்’ என்று சொல்லிவிட்டுத்தான் பழைய நகரத்துக்குப் போகிறார்கள். சட்டப்படி அவர்கள் ஏற்கெனவே சான் ஹுவானுக்குள்ளேதான் இருக்கிறார்கள்.